மாத்திரை வீட்டில் முப்பத்தாறு பட்டுச் சுருள்கள்

"விடுங்க என்னய! என் மக நிச்சயப் பட்ட அறுத்தவ கைய ஒடிக்காம இந்த வாசல விட்டு எறங்க மாட்டேன்!"

"அக்கா, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. அவிய எல்லாரும் பயந்துபோய் நிக்காவ."

"எதுக்குலே கொறைக்கணும்? ஏலே தவசி, ஊர்ல உள்ள கிறுக்கையெல்லாம் ஒரு வீட்ல கொண்டாந்து வச்சியே, பூட்டு ஒண்ணு போடத் தெரியலயே ஒனக்கு!"

"பூட்டி வைக்க இது ஜெயில் இல்லக்கா."

"இல்லல்லா? இன்னையோட இந்த வீடும் இல்ல!"

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டேகால் மணி. ராஜபாளையத்தில் எங்கள் தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். அன்று ஒருவரும் அயரவில்லை. ஆவுடையம்மாளின் குரல் அப்படி. புருஷன் போன பிறகு இருபது வருஷமாகப் பாத்திரக் கடையில் பித்தளைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. வெயிலில் காயப்போட்ட வற்றலைப் பார்க்க வந்ததுபோல் சிலர் மாடியேறினார்கள். வற்றல் போடாதவர்களும் ஏறினார்கள்.

சண்டை நடந்த வீட்டு வாசலில் 'துணை இல்லம்' என்று பலகை தொங்கும். அந்தப் பெயரை எங்கள் தெருவில் எவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது மாத்திரை வீடு. மனநோய்க்கு வைத்தியம் பார்த்துத் தேறியவர்கள், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் நாளை ஓட்ட முடியும் என்கிறவர்கள், ஆறு பேர் அங்கே மூன்று வருஷமாக இருந்தார்கள். மதுரைக்காரர்களின் டிரஸ்ட் ஒன்று வாடகைக்கு எடுத்த வீடு. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறவர் தவசிமுத்து. சத்திரப்பட்டியிலிருந்து பாண்டேஜ் துணி, பட்டை பட்டையாக வெட்டப்பட்டு, கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கைப்பிடி வைத்த சின்ன இயந்திரத்தில் அதைச் சுருட்டிச் சுருட்டி அடுக்குவது அவர்கள் வேலை.

குடிவந்த அன்றே தவசிமுத்து வீடு வீடாக வந்து சொன்னார். "இவிய சாப்பிடுற மாத்திரைக்கு வெயில் பட்டா தோலு எரியும். அதான் காலையிலேயே கொட பிடிப்பாவ. தாகம் எடுக்கும். கை நடுங்கும். நீங்க பயப்படாதீங்க." நாங்கள் பயப்படவில்லை. சிரித்தோம்.

அன்று நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளின் ஒரே மகள் முத்துப்பேச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வத்திராயிருப்பில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், பெயர் காளிராஜ். அவர்கள் கொடுத்தனுப்பிய பட்டில் பாச்சா உருண்டை வாசனை அடிக்கிறதென்று, காலை ஒன்பது மணிக்கு ஆவுடையம்மாள் அதை மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிட வந்தால் கொடி வெறுமையாக இருந்தது. மாடிக்கு நேர் கீழே மாத்திரை வீட்டின் கொல்லை. அங்கே முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி சாத்தியிருந்தது. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போய்க் கதவைத் தட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் தவசிமுத்து மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அவர் இல்லாதபோது கதவைத் திறப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். இரண்டு மணிக்கு அவர் வந்து திறந்ததும் ஆவுடையம்மாள் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். கோதைநாயகியின் பிரம்புக் கூடையில், பாண்டேஜ்களோடு பாண்டேஜாக, சந்தனக் கலர் பட்டு. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றும் கச்சிதமாகச் சுருட்டி, முப்பத்தாறு சுருள்.

கோதைநாயகி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும். இங்கே வருமுன் நாலு வருஷம் தமையன் சேஷு வீட்டுக் கொல்லை அறையில் இருந்தாள். அந்த அறை ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்ததாம். இங்கே வந்து ஒன்பது மாதத்தில் தெருமுனைக் கடைவரை தனியாகப் போய்வரத் தொடங்கியிருந்தாள். ஒரே ஒரு சிக்கல். யாராவது சத்தம் போட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள், வாய் அடைத்துப்போகும். ஆவுடையம்மாள் போட்டது சாதாரணச் சத்தமில்லை. ஆக, 'நான் செய்யவில்லை' என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. தெரு அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது.

சண்டை சூடாக இருக்கும்போதே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து சேஷு இறங்கினார். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், முகத்தில் பத்து வருஷத்து அலுப்பு.

"போதும் தவசிமுத்து. நீங்க பட்டதும் போதும், நாங்க பட்டதும் போதும். கோதை, துணிமணிய எடுத்துக்கோ. ஆத்துக்குப் போலாம்."

கோதை காதைப் பொத்தியபடியே தலையை ஆட்டினாள். மாட்டேன் என்கிற ஆட்டம் அது. சேஷு பார்க்கவில்லை.

தவசிமுத்து கொல்லை வழியாக ஓடினார், இரண்டு வீடு தள்ளி ஜெயபாய் டீச்சரிடம்.

ஜெயபாய் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள்தான். 'நூல் உருவாம கத்தரியத் தொடாத' என்பது அவர் வகுப்பின் முதல் பாடம். வெட்ட வேண்டிய இடத்தில் துணியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவிவிட்டால் அங்கே மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் வெட்டு கோணாது. குட்டும் இந்தப் பாடமும் இரண்டுமே இல்லாமல் தப்பியவர்களில் ஒருத்தி ஆவுடையம்மாள். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. இன்றைக்கும் ரவிக்கைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாமல் ஊக்கு குத்திக்கொண்டு திரிகிறவள்.

டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்தவர் பாஷ்யம், கிளை நூலகத்தின் நூலகர். நூலகத்திலிருந்த துப்பறியும் நாவல்களை எல்லாம் இரண்டு தடவை படித்து முடித்து, நேரில் ஒரு குற்றம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. மனிதர் படியை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினார்.

"டீச்சர், கோதைய கூட்டிட்டுப் போயிட்டா திரும்ப அந்த அறைதான்," என்றார் தவசிமுத்து. மூச்சு வாங்கியது. "ஒன்பது மாசமா அடி மேல அடி வச்சு வெளிய கொண்டாந்தேன். இந்தப் பழியோட போனா வேற எந்த வீட்லயும் சேக்க மாட்டாவ. அவ பண்ணல. ஆனா பண்ணலன்னு எனக்குக் காட்டத் தெரியல."

டீச்சர் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குப்பியை மூடினார், கையைத் துடைத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

"இன்னைக்கு வெள்ளிதான பாஷ்யம் சார்?"

"ஆமா."

"வாங்க."

கோதையின் பையோடு சேஷு கார்க் கதவைத் திறக்கும்போது டீச்சர் போய்ச் சேர்ந்தார். உள்ளே சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

"சார், நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றார் மெதுவாக. "ஆனா வெள்ளிக்கிழம மூணுலருந்து நாலர எமகண்டம்னு காலண்டர்ல போட்டிருக்கே. மனசு சரியில்லாத பிள்ளைய இந்த நேரத்துலயா பயணம் கூட்டிட்டுப் போவீங்க?"

சேஷு கையை எடுத்தார். கார்க் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தெருவில் யாரோ சிரித்தார்கள். கோதைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது.

டீச்சர் முதலில் கூடையைக் கேட்டு வாங்கினார். முற்றத்தில் பாயை விரித்து, சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தார். துண்டுகள் எல்லாம் ஒரு சாண் அகலம்கூட இல்லை, நீளம் ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஓரங்களைத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டின் ஓரத்தில் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது.

"பாஷ்யம் சார், இந்தச் சேலையில என்ன இல்ல?"

பாஷ்யம் குனிந்தார், நிமிர்ந்தார், துண்டுகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "எல்லாம் இருக்கே டீச்சர். தலைப்பு இருக்கு…"

"ஜரிகை எங்க? நிச்சயப் பட்டுக்கு ரெண்டு பக்கமும் அரக்குக் கலர்ல ஜரிகை பார்டர் இருந்திருக்கும்லா?"

இருந்தது என்று ஆவுடையம்மாளே வாசலிலிருந்து கத்தினாள். நாலு விரக்கடை பார்டராம், தலைப்பில் ஜரிகை கிடையாதாம். இப்போது ஒரு இழைகூட இல்லை.

"தவசி, இந்த வீட்ல கத்தரி எத்தன?"

"ரெண்டு டீச்சர். ஒரு அரிவாமண, ஒரு கத்தி. எல்லாம் இரும்பு பீரோக்குள்ள. நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதுதான் வெளிய எடுக்கது. பாண்டேஜ் துணி வெட்டித்தான் வருது, எங்களுக்குக் கத்தரி வேலையே கெடையாது." அரைஞாணில் கோத்த சாவியைக் காட்டினார். "காலைல எட்டரைக்கு இதோடதான் பஸ் ஏறுனேன்."

"கடிச்சுக் கிழிச்சிருப்பா!" இது ஆவுடையம்மாள்.

"கடிச்ச வெட்டு இப்படி இருக்காது ஆவுடை," என்றார் டீச்சர், திரும்பாமல்.

கொல்லைக்குப் போனார்கள். மதில் ஓரம் ஒரு குழி. பாண்டேஜ் கட்டுகளோடு வரும் பிசிறும் கந்தலும் அதில் குவிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கி வந்ததும் தவசிமுத்து அதைக் கொளுத்துவார். அன்று சண்டையில் கொளுத்தவில்லை. குழிக்கு நேர் மேலே ஆவுடையம்மாள் வீட்டு மொட்டைமாடிச் சுவர். அந்த மாடிக்கு ஏற வேண்டுமானால் அவள் வீட்டுக்குள்ளே போய்த்தான் ஏற வேண்டும். வேறு வீட்டு மாடி எதுவும் அங்கே எட்டாது.

வேப்பமரத்தடியில் கறுப்புக் குடையை விரித்து உட்கார்ந்திருந்தார் சோலைச்சாமி. அவரும் அந்த வீட்டுக்காரர்தான். பக்கத்தில் மண்கூசா, பாதி தண்ணீர்.

"அண்ணாச்சி, காலைல இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன். பட்டு மழை பெஞ்சுச்சு."

பாஷ்யம் டீச்சரை ஜாடையாகப் பார்த்து நெற்றிப்பொட்டில் விரலைத் தட்டினார்.

"இதத்தான் அந்த அம்மாகிட்டயும் சொன்னேன். சிரிச்சாவ," என்றார் சோலைச்சாமி. கோபமே இல்லை. சிரிப்புக்குப் பழகிய மனிதர்.

டீச்சர் அவர் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "நான் சிரிக்கல. மழை எப்ப பெஞ்சுச்சு?"

"பத்தர மணி மில் சங்கு ஊதுனதுக்குப் பொறவு."

"முழுசா விழுந்துச்சா, துண்டாவா?"

"துண்டு துண்டா. பொத்து பொத்துன்னு குழிக்குள்ள. கோதை வந்து பொறுக்குனா."

டீச்சர் எழுந்தார். முகத்தில் வெற்றி ஏதும் தெரியவில்லை. மேலே மாடிச் சுவரை ஒருமுறை பார்த்தார்.

மூன்று நாற்பதுக்குப் பாஷ்யத்தால் பொறுக்க முடியவில்லை. டீச்சரைக் கிணற்றடிக்கு ஒதுக்கினார்.

"கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர். சேஷுதான்! சுருள் கெடச்சது ரெண்டு மணிக்கு. அவர் வந்து இறங்கினது ரெண்டே கால் தாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்லேந்து கால் மணியில வர முடியுமா? முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கோதைய அழைச்சுண்டு போக அவர் பண்ணின ஏற்பாடு!"

"ஆவுடை பன்னெண்டு மணிக்கே தெருமுனை பூத்துலருந்து அவருக்கு போன் போட்டுட்டா சார். சேலையக் காணோம்னு மட்டும்தான் அப்ப தெரியும். யாரு எடுத்ததுன்னு அவ விசாரிக்கல, தெருவுல தனியா நடமாடுறவ கோதைதானன்னு முடிவு பண்ணிட்டா."

பாஷ்யம் ஒரு நிமிடம்தான் வாடினார். "அப்படின்னா மாப்பிள்ளையாத்துக்காரா! நிச்சயத்துக்கு முன்னாடி இந்த வீட்டக் காலி பண்ணச் சொன்னதே அவாதான். 'பக்கத்துல இப்படி ஒரு வீடு இருக்கப்படாது'ன்னு ரொம்பத்தான் அழுத்தினாளாம்."

"பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க இருந்தீங்கல்லா?"

"எதிர்த்தாத்து ஜன்னல்லேந்து தெரு மொத்தமும் இருந்தது," என்றார் பாஷ்யம் உற்சாகமாக. "சிரிச்சு மாளல. எட்டு மணிக்கு, மேகமே இல்ல, மாப்பிள்ளை கொடை பிடிச்சுண்டு வரார்! வந்ததும் நாலு டம்ளர் ஜலம். காப்பிய வாங்கினார் பாருங்கோ, டபரா கடகடன்னு ஆடறது. பொண்ணக் கண்டு அப்படி ஒரு கூச்சம்னு எல்லாரும்…"

டீச்சர் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார். குடை. கூசா. பாஷ்யமும் அந்தப் பக்கம் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. படித்த நாவல்களில் இப்படி ஓர் இடம் வந்ததில்லை போலும்.

"மெதுவா," என்றார் டீச்சர். "தெருவுக்குக் கேக்கும்."

நாலு பத்துக்கு மாத்திரை வீட்டு முன்னறையில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஆவுடையம்மாள், சேஷு, தவசிமுத்து, மூலையில் கோதை. முத்துப்பேச்சியையும் கூட்டிவரச் சொன்னார். மத்தியானத்திலிருந்து மாடிச் சுவரோரம் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவள், தலை வாராமல் வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். தெரு ஜன்னல் கதவைச் சாத்தும்படி பாஷ்யத்திடம் சொன்னார் டீச்சர். அவர் சாத்தினார். நல்லவேளையாக அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.

டீச்சர் தன் கைக்குட்டையைக் கோதையின் மடியில் வைத்தார்.

"கோதைம்மா, இதுல ஒரே ஒரு நூல் உருவித் தாயேன்."

கோதை காதிலிருந்து கையை எடுத்தாள். கைக்குட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். விரல்கள் நடுங்கின. நூல் நுனி நகத்தில் சிக்கவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடி. சேஷு முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தங்கையின் விரல்களைப் பார்த்தார். ஆவுடையம்மாள்கூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வரல டீச்சர்," என்றாள் கோதை. சண்டை தொடங்கியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"வராதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். மன்னிச்சுக்கம்மா." டீச்சர் கைக்குட்டையை வாங்கிக்கொண்டு, பட்டுத் துண்டுகளில் நாலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "எல்லாரும் பாருங்க. முப்பத்தாறு துண்டுல ஒம்பது மட்டும் கம்பி மாதிரி நேரா இருக்கு. ஓரத்துல ஒரு நூல் உருவின தடம் தெரியுது. மத்த இருபத்தேழும் லேசாக் கோணல். ஏன்? சேலைய நாலா மடிச்சு, மேல் மடிப்புல மட்டும் நூல் உருவி, அந்தக் கோட்டப் பாத்து நாலையும் ஒண்ணா வெட்டியிருக்கு. பெரிய தையல் கத்தரி. கோவத்துல கிழிச்சது இல்ல இது. மேசை போட்டு, நிதானமா, பழகின கை வெட்டினது. நடுங்குற கை இல்ல. இந்த வீட்ல கத்தரி வெளிய இருந்த நேரமும் இல்ல."

"பொறவு எப்படி இவ கூடைக்கு வந்துச்சு?" ஆவுடையம்மாளின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"கோதையே சொல்லட்டும். இப்ப யாரும் சத்தம் போடல."

கோதை தமையனைப் பார்த்துச் சொன்னாள். "குழியில கெடந்தது அண்ணா. அழுக்காயிடுமேன்னு எடுத்தேன். பட்டையா இருந்தது. சுருட்டினேன்."

அவ்வளவுதான். ஒன்பது மாதமாகப் பட்டையாக எது கைக்கு வந்தாலும் சுருட்டி அடுக்குவது அவள் வேலை. அதை அவள் பிழையில்லாமல் செய்திருந்தாள்.

"சோலைச்சாமி அண்ணாச்சி பட்டு மழை பெஞ்சுதுன்னு சொன்னார்," என்றார் டீச்சர். "இன்னைக்கு இங்க உண்மையச் சொன்ன மொத ஆளு அவர்தான். மேல இருந்துதான் விழுந்துச்சு. வெட்டின ஆளுக்குத் தெரியும், வெள்ளிக்கிழம மத்தியானம் குழிய எரிப்பாங்கன்னு. சந்தனக் கலர்ப் பட்ட பட்டையா வெட்டிப் போட்டா, பழுப்புப் பாண்டேஜ் கந்தலோட கலந்துரும், அப்படியே சாம்பலாயிரும். தன் வீட்ல எரிச்சா பட்டு, முடி தீஞ்ச மாதிரி நாறும், மாட்டிக்கிடும். ஆனா ஜரிகை எரியாது, சாம்பல்ல மினுங்கும். அதனால பார்டர மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டாச்சு. கணக்கு எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் தப்பிப்போச்சு. இந்த வீட்ல ஒருத்தி குழியில கெடக்குற பட்டையக்கூட விடாம எடுத்துச் சுருட்டுவான்னு அந்த ஆளுக்குத் தோணல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபத்தைந்து.

"அந்த மாடிக்கு ரெண்டு பேருதான் ஏற முடியும். ஒருத்திக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. இன்னொருத்திக்கு நூல் உருவ நான்தான் கத்துக்குடுத்தேன்." அவர் நிலைப்படிப் பக்கம் திரும்பவில்லை. "ஜரிகை எங்க இருக்குன்னு நான் சொல்லணுமா, எடுத்தவங்களே கொண்டுவாரீங்களா?"

நிலைப்படியில் சாய்ந்திருந்த முத்துப்பேச்சி நிமிர்ந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் அரக்குப் பார்டர் இரண்டு வளையமாகச் சுற்றியிருந்தது. தையல் மெஷின் மூடிக்குள் இருந்ததாம். அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ஏட்டி!" என்றாள் ஆவுடையம்மாள். கையை ஓங்கினாள். கை பாதியிலேயே நின்றது, மகள் கண்ணைப் பார்த்து.

"எரிஞ்சு போயிரும்னு நெனச்சேன் டீச்சர். நிச்சயப் பட்டு காணாமப் போனா அபசகுனம்னு அவியளே வேண்டாம்னு சொல்லிருவாவன்னு… கோதை அக்கா மேல விழும்னு சத்தியமா நெனைக்கல."

"விழுந்த பொறவு ரெண்டு மணி நேரம் மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"வாய் வரல," என்றாள் முத்துப்பேச்சி. கோதை அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் வராமல் போவது என்னவென்று அந்த அறையில் தெரிந்தவள் அவள்தான்.

"மாப்பிள்ளையப் பிடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாட்டி!"

"நீ எங்கிட்டச் சொன்னியாம்மா?" முத்துப்பேச்சி கத்தவில்லை. "மூணு வருஷமா இவங்களப் பாத்துக்கிட்டுத்தான் வளந்திருக்கேன். கொட, தண்ணி, கை நடுக்கம். அவிய காப்பிய வாங்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு என்ன மாத்திரைன்னு. தரகர் ஒங்கிட்டச் சொன்னத நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு மட்டும்தான் தெரியக் கூடாது. மாத்திரை சாப்பிடுறது தப்பில்லம்மா. தல நிமிந்து சாப்பிடுறவங்கள 'கிறுக்கு'ங்கிற, ஒளிச்சுச் சாப்பிடுறவருக்கு என்னயக் குடுக்குற."

பாத்திரக் கடைக் குரல் அடங்கிப்போனது அன்று ஒருநாள்தான். ஆவுடையம்மாள் ஜரிகையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "அப்பன் இல்லாத பிள்ள," என்றாள் கடைசியில். "தோப்பு தொரவு இருக்கு, நல்லா வச்சுக்கிடுவாவன்னு… பக்கத்துல இந்த வீடு இருந்தா என்னைக்காச்சும் நீ கண்டுபிடிச்சிருவன்னுதான் அவிய காலி பண்ணச் சொன்னதே." பிறகு எழுந்து மூலைக்குப் போனாள். கோதை காதைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையம்மாள் அவள் முன்னால் உட்கார்ந்து, தன்னால் முடிந்த மட்டும் மெல்லிய குரலில், "நீ எடுக்கலத்தா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றாள். அந்த மெல்லிய குரல் தெருமுனைவரை கேட்டது.

நாலரை அடித்தது. எமகண்டம் முடிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். சேஷு எழுந்தார். கோதையின் பை காருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் போய் அதை எடுத்தார். பையை உள்ளே கொண்டுவந்து கோதையின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பால்கோவா வாங்கிண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, வெறும் காரில் தனியாகப் போனார். அவர் வீட்டுக் கொல்லை அறை ஜன்னலில் பலகையைக் கழற்றிவிட்டதாகப் பிறகு கேள்வி. அதற்கும் ஒரு வருஷம் பிடித்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து காளிராஜ் மட்டும் இறங்கினார், குடையோடு. பெண் வீட்டுக்குப் போகாமல் நேராக மாத்திரை வீட்டுக்குப் போய், சோலைச்சாமி பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். முத்துப்பேச்சியை வரச் சொல்லி, எந்த வருஷம் உடம்புக்கு வந்தது, என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று தானே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு இன்னொரு டம்ளர். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

அடுத்த தை மாதம் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். டீச்சர் அந்த அரக்குப் பார்டரைப் புதுச் சேலை ஒன்றில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். வேறு யார் கண்ணுக்கும் இணைப்புத் தெரியவில்லை. இருவரும் இப்போது வத்திராயிருப்பில் இருக்கிறார்கள். பாஷ்யத்துக்கும் அங்கேயே மாற்றலாகிவிட்டது. ஊரில் ஒரு குற்றமும் நடப்பதில்லை என்று டீச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். ஆவுடையம்மாள் பாத்திரக் கடையைக் கிருஷ்ணன்கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். போனபின் எங்கள் தெருவில் மதியத் தூக்கம் நன்றாக வருகிறது, ஆனால் என்னவோ குறைகிறது. மாத்திரை வீடு அங்கேயேதான் இருக்கிறது. பட்டுச் சுருள் முப்பத்தாறையும் யார் கேட்டும் கோதை தரவில்லை.

கல்யாணத்துக்குக் கோதை சேஷுவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்கியது. கோதை சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மணவறையில் முடிச்சுப் போட்டு முடித்த மாப்பிள்ளையும் அதையே செய்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது கோதைதான்.